ஒரே மேசை, இரண்டு கணினிகள்: கேவிஎம் சுவிட்சுடன் எட்டு மாதங்கள்

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியும் என் சொந்த மேசைக் கணினியும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்துத் திரை ஒன்று, விசைப்பலகை ஒன்று, மவுஸ் ஒன்று. நெடுநாள் வரை, வேலை முடிந்ததும் திரையின் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஒரு கேபிளைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதே என் வழக்கம். இப்படிச் செருகிச் செருகிக் கழற்றியதில் மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளை தளர்ந்து, கேபிளில் கை பட்டாலே படம் போய்ப் போய் வரத் தொடங்கிய பிறகுதான் கேவிஎம் சுவிட்ச் வாங்க முடிவு செய்தேன். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விசைப்பலகை, படம், மவுஸ் ஆகிய மூன்றையும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி அது. முதலில் வாங்கியதை ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவதாக வாங்கியதை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதல் பெட்டியின் அட்டையில் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். மாட்டிப் பார்த்தபோது படம் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் சுட்டி ஒரு கணம் பின்தங்கியே வந்தது, நீண்ட அட்டவணையை மேலும் கீழும் நகர்த்தினால் எழுத்துகள் துள்ளின. அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் திரை 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 30 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் 4கே படத்தை, அதாவது 3840×2160 புள்ளிகள் கொண்ட படத்தை, நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். 60 முறை அனுப்ப, நொடிக்கு 18 ஜிகாபிட் வேகமுள்ள 2.0 தரம் வேண்டும். இந்த விவரம் அட்டையின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருந்தது. நாள் முழுவதும் எழுத்துகளையே பார்த்து வேலை செய்பவர் 30 ஹெர்ட்ஸ் திரையை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஒவ்வொரு திரையும் தன் பெயர், அளவு, தான் காட்டக்கூடிய வேகம் ஆகியவற்றை ஒரு சிறு தரவுத் தொகுப்பாகக் கணினிக்குச் சொல்கிறது. ஈடிஐடி என்பது அதன் பெயர். சாதாரண சுவிட்சில் பொத்தானை அழுத்தியதும், கைவிடப்பட்ட கணினிக்கு அந்தத் தகவல் கிடைக்காமல் போகிறது. திரையையே பிடுங்கிவிட்டார்கள் என்று எண்ணி, திறந்திருந்த சாளரங்கள் அனைத்தையும் அது மடிக்கணினியின் சிறிய திரைக்குள் இழுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் சொந்தக் கணினிக்குப் போய்த் திரும்பினால், இடப்பக்கம் விரித்து வைத்திருந்த ஆவணமும் வலப்பக்கம் இருந்த மின்னஞ்சலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். சாளரங்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 11-இல் இருக்கிறது. என் மடிக்கணினியில் அது பாதி நேரம்தான் கைகொடுத்தது.

ஆகவே இரண்டாவது பெட்டியைத் தேடும்போது ஈடிஐடியைத் தானே தாங்கிப் பிடிக்கும் வசதி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். இந்த வகைச் சுவிட்ச், திரை இருக்கிறது என்ற பதிலை இரண்டு கணினிகளுக்கும் எப்போதும் தானே சொல்லிக்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ போலவே படத்தைக் கடத்தும் டிஸ்பிளேபோர்ட் 1.4, யுஎஸ்பி 3.0 துளைகள் நான்கு, கம்பியின் நுனியில் தனியே ஒரு பொத்தான் என்று அமைந்த பெட்டி இது. அழுத்தினால் திரை இரண்டு மூன்று நொடிகள் இருண்டு, பிறகு அடுத்த கணினியின் படம் வருகிறது. சாளரங்கள் வைத்தது வைத்தபடியே இருக்கின்றன. நான் கொடுத்த பணத்துக்கு இந்த ஒன்றே போதும்.

கேபிள் விஷயத்தில் மட்டும் ஒருமுறை அலைய வேண்டியிருந்தது. கணினியிலிருந்து சுவிட்சுக்கு 3 மீட்டர், சுவிட்சிலிருந்து திரைக்கு 2 மீட்டர் என்று மாட்டியிருந்தேன். திரை அவ்வப்போது கண் சிமிட்டுவதுபோல் அணைந்து எரிந்தது. சுவிட்சின் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாட்களை வீணாக்கிய பிறகுதான், இரு துண்டுகளின் நீளத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. ஒவ்வொன்றையும் ஒன்றரை மீட்டராகக் குறைத்ததும் சிமிட்டல் நின்றது. மடிக்கணினியின் தளர்ந்த துளையை விட்டுவிட்டு, யுஎஸ்பி-சி துளையிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குச் செல்லும் கேபிளைப் பயன்படுத்துகிறேன்.

விசைப்பலகைக்கென்று குறியிட்ட துளையில் மாட்டியபோது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. விசையைத் தட்டியே கணினியை மாற்ற உதவும் குறுக்குவிசையைக் கவனிப்பதற்காகச் சுவிட்ச் அந்தத் துளையில் தானே ஒரு எளிய விசைப்பலகையாக நடிக்கிறது. அதற்குத் தெரியாத விசைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பக்கத்துத் துளைக்கு மாற்றியதும் எல்லா விசைகளும் உயிர்பெற்றன. அதற்கு ஈடாக, ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டிக் கணினி மாற்றும் வசதியை இழந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான் இருப்பதால் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஹெட்செட்டைச் சுவிட்சில் மாட்ட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அலுவலகக் கூட்டத்தின் நடுவே சொந்தக் கணினியில் ஒரு கோப்பைப் பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். ஹெட்செட்டும் உடன் போய்விட, பேசிக்கொண்டிருந்தவரின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது. அன்றிலிருந்து அது மடிக்கணினியில் நேரடியாகத்தான் மாட்டியிருக்கிறது. வெளிப்புற வன்தட்டையும் பென் டிரைவையும் சுவிட்சில் மாட்டுவது அதைவிட ஆபத்தானது. ஒவ்வொரு மாற்றமும் அவற்றை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்குவதற்குச் சமம். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு கெட்டுப்போகலாம். போதாக்குறைக்கு, நம் குடும்பப் படங்கள் உள்ள வன்தட்டு அலுவலகக் கணினியில் போய் நிற்கும்.

மென்பொருள் வழியாக ஒரே மவுஸை இரண்டு கணினிகளிலும் ஓட்டலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டிலும் நிரல் நிறுவ வேண்டும். அலுவலகக் கணினியில் அதற்கு எனக்கு அனுமதி இல்லை. இந்தப் பெட்டியோ எதையும் நிறுவச் சொல்வதில்லை, ஒரு கணினியில் நகலெடுத்த எழுத்தை மற்றொன்றுக்குக் கடத்துவதும் இல்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. நிறுவனத்தின் தரவு நிறுவனத்தின் கணினியிலேயே தங்கிவிடுகிறது.

புதிதாகத் திரை வாங்கவிருப்பவர் கேவிஎம் உள்ளமைந்த திரையைப் பார்ப்பது நல்லது. தனிப் பெட்டியும் பாதிக் கேபிள்களும் மிச்சமாகும். ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் படமும் மின்சாரமும் யுஎஸ்பியும் வருவது வசதிதான். ஆனால் அந்தக் கேபிளின் நான்கு அதிவேகத் தடங்களைப் படமும் யுஎஸ்பி 3-உம் பங்கிட்டுக்கொள்வதால், டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப நான்கும் படத்துக்கே போய், யுஎஸ்பி இணைப்பு 2.0 தரத்தின் 480 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் அது தாராளம். வேகமான வன்தட்டுக்குப் போதாது.

என் பெட்டியில் இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. மேசைக் கணினி உறக்கத்தில் இருக்கும்போது அதற்கு மாறினால், விசையைத் தட்டி அதை எழுப்ப முடிவதில்லை. குனிந்து அதன் பொத்தானைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. மாறுவதற்கு முன்பே அதை அழுத்திவிட்டு அமர்வது இப்போது பழகிவிட்டது.