கிராங்க் சென்சார் மாற்றம்: மேலிருந்தா, கீழிருந்தா?

இன்ஜின் சூடானதும் பட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற பிழைக் குறியீடு வருகிறது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் (இன்ஜினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) மேல்தான் விழ வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்தான் அதைப் பிடித்திருக்கும். ஆனால் பல கார்களில் அது இன்ஜினின் பின்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டார் மறைக்கும் இடத்தில் இருக்கும். அதை எட்ட மூன்று வழிகள் உண்டு.

எதையும் கழற்றாமல் மேலிருந்து கையை விட்டுத் தடவிக் கழற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. நீள எக்ஸ்டென்ஷன், மடங்கும் ஜாயின்ட், 10 மி.மீ. சாக்கெட் இருந்தால் போதும் என்று நினைப்போம். சாக்கெட் சாய்வாக உட்கார்ந்தால் துருப்பிடித்த போல்ட்டின் தலை மழுங்கிவிடும். அப்புறம் மற்றதையெல்லாம் கழற்றாமல் தப்ப முடியாது. கனெக்டரின் பூட்டும் பல வருட வெப்பத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், பார்க்காமல் இழுத்தால் உடைந்து கையோடு வரும். சின்னக் கண்ணாடியிலோ போன் கேமராவிலோ போல்ட் தலை முழுசாகத் தெரிந்து, சாக்கெட்டும் நேராக உட்கார்ந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

இரண்டாவது வழி, இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுவது. அதைக் கழற்றினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சென்சாருக்காகப் புது கேஸ்கெட், வேக்குவம் குழாய்கள், சில இன்ஜின்களில் பெட்ரோல் லைன் வரை கைவைக்க வேண்டும். திறந்த போர்ட்டுக்குள் ஒரு நட் விழுந்தால் போச்சு. துணியால் அடைத்தே ஆக வேண்டும். வேலை முடிந்தபின் ஐடிலிங் ஏறி இறங்கினால், காரணம் புது சென்சாரா, எங்காவது காற்று கசிகிறதா என்று தேட வேண்டியிருக்கும். கிராங்க் சென்சாருக்கு இது தேவையில்லாத சுமை என்பேன். சில வி-வகை இன்ஜின்களில் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் நாக் சென்சாரை (இன்ஜின் தட்டுவதை உணரும் வேறொரு சென்சார்) மாற்றுவதற்குத்தான் வேறு வழி கிடையாது.

நான் பரிந்துரைப்பது கீழிருந்து போகும் வழியை. காரை உயர்த்த வேண்டியிருப்பதால் பலர் தயங்குவார்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, எடையை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சைலன்சர் குழாய் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதை மறக்காதீர்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் சாவியை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். கண்ணில் அழுக்கு விழாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டரின் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றி நகர்த்தினால் சென்சார் நேருக்கு நேர் தெரியும். இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் சுற்றிலும் அழுக்கைத் துடையுங்கள், துளைக்குள் மண் போகக்கூடாது. போல்ட்டை எடுத்தபின் நேராக இழுக்காதீர்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் இறுகி, உலோகம் பூத்து, சென்சார் ஒட்டிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துக் காத்திருந்து, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். தாராளமாகச் சுழல ஆரம்பித்தபின் வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடைந்து, நுனி பிளாக்குக்குள்ளேயே தங்கிவிடும். புதியதன் ஓ-ரிங்கில் துளி இன்ஜின் ஆயில் தடவி, கையால் முழுசாக அழுத்தி உட்கார வையுங்கள். போல்ட்டை முறுக்கி உள்ளே இழுத்தால் சென்சாரின் காது முறியும். வயரையும் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். சைலன்சர் குழாயில் பட்டால் உருகிவிடும்.

ஒரிஜினலா, மலிவு சென்சாரா? இவ்வளவு வேலை பார்த்தபின் ஒரிஜினல்தான் சரி. நுனிக்கும் சுழலும் பல் சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். நீளம் சற்று மாறினாலே சிக்னல் தடுமாறும்.

சில கார்களில் சென்சாரை மாற்றியபின் ஸ்கேனர் மூலம் ரீலேர்ன் செய்ய வேண்டும், அதாவது புது சென்சாரை இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு அது தேவையா என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.