அரைத்த கால்சைட்டா, வீழ்படிவுப் பொடியா? பெயிண்டுக்கு என் தேர்வு

உள்சுவருக்கு எமல்ஷன் பெயிண்ட் செய்யத் தொடங்கியபோது நிரப்பிக்கு (பெயிண்டின் அளவைக் கூட்டச் சேர்க்கும் பொடிக்கு) என்ன வாங்குவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். இரண்டுமே கால்சியம் கார்பனேட்தான். ஒன்று கால்சைட் கல்லை அப்படியே நுணுக்கி அரைத்தது. மற்றது, சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டு, நீற்றி, அந்தச் சுண்ணாம்புப் பாலுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி வீழ்படிய வைத்தது. சூளை எரிய வேண்டும் என்பதால் வீழ்படிவு விலை கூடியது, அதில் ஆச்சரியமில்லை.

முதலில் வீழ்படிவைத்தான் எடுத்தேன். வெண்மையும் சீரான துகளும் மனதை இழுத்தன. கலவை சீக்கிரமே கெட்டியானது. தண்ணீர் விட்டுச் சரிசெய்து அடித்தேன். காய்ந்த பிறகு சுவரைத் தடவினால் கையில் வெள்ளையாக ஒட்டியது.

காரணம் எண்ணெய் உறிஞ்சும் அளவு. 100 கிராம் பொடியை நனைத்துப் பசையாக்க எத்தனை கிராம் எண்ணெய் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பெயிண்டுக்கு வரும் அரைத்த கால்சைட்டுக்கு 15 முதல் 20 கிராம் போதும். வீழ்படிவில் 30 கிராமைத் தாண்டுவது சாதாரணம். நுண்துகள் என்பதால் மேற்பரப்பு அதிகம். ஒவ்வொரு துகளையும் போர்த்த அவ்வளவு பைண்டர், அதாவது துகள்களைப் பிணைத்துச் சுவரில் பிடித்து வைக்கும் பிசின், தேவை. அது போதாவிட்டால் துகள்கள் பிடிப்பில்லாமல் உதிரும். பைண்டரைக் கூட்டினால் செலவு எகிறும், ஏனென்றால் நிரப்பியை விடப் பைண்டர்தான் விலை அதிகம். ஆக, பொடியின் விலையை மட்டும் ஒப்பிட்டது என் தவறு. அந்தப் பொடி குடிக்கும் பைண்டரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

சுமார் 5 மைக்ரான் அரைத்த கால்சைட்டுக்கு மாறினேன். அதே பைண்டரில் அதிகப் பொடி ஏறியது, உதிர்வும் நின்றது. ஆனால் இது மண்ணிலிருந்து வருவது. இரும்பு கலந்திருந்தால் மஞ்சள் தட்டும். குவார்ட்ஸ் கலந்திருந்தால் கலக்கும் கருவி தேயும். கால்சைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 3, குவார்ட்ஸ் 7. அதனால் ஒவ்வொரு லோடிலும் ஒரு கரண்டி எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறேன். நல்ல கால்சைட் நுரைத்துக் கரைந்துவிடும். அடியில் மணல் தங்கினால் அந்த லோடு வேண்டாம்.

சீலண்டுக்கு (இடுக்குகளை அடைக்கும் பசைக்கு) நுண்ணிய வீழ்படிவுதான் வேண்டும் என்பார்கள்; அது தொய்யாமல் நிற்க உதவுகிறது. நான் சீலண்ட் செய்ததில்லை, அதனால் அங்கே என் பேச்சுக்கு எடை குறைவு. அறையின் உட்கூரைக்கான மேட் (பளபளப்பில்லாத) வெள்ளையில் மட்டும் இன்றும் கொஞ்சம் வீழ்படிவு சேர்க்கிறேன். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியாமல் அது இடைவெளி விட்டு வைக்கிறது. கூரையை யாரும் அடிக்கடி தேய்ப்பதும் இல்லை.