இறுகிப்போன பழைய புல்வெட்டி: ஸ்பிரே, டீசல், சூடு எதற்கு எது கழலும்?

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்து மாந்தோப்புகளில் தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் முழு வேலை. முடிந்ததும் போர் தண்ணியில் அலசி, ஈரம் காயாமல் மோட்டார் ரூமில் தள்ளிவிடுவார்கள். அடுத்த மழைக்கு எடுக்கும்போது பிளேடும் போல்ட்டும் ஒரே கட்டியாக இருக்கும்.

முதலில் எல்லோரும் தேடுவது ஸ்பிரேயை. டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விரட்டச் செய்தது. மேலோட்டமான துருவுக்குப் போதும், இரண்டு மூன்று வருடத் துருவுக்கு நம்ப முடியாது. பாதிக்குப் பாதி அசிட்டோனும் ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் ஊற்றுவது) கலந்தால் மரைக்குள் நன்றாக இறங்குகிறது. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். பெயின்ட் மேல் பட்டால் உரிந்துவிடும். டீசல் மெதுவானது, ஆனால் செலவில்லை. துணியை நனைத்துச் சுற்றி ஒரு ராத்திரி விட்டால் பாதிப் போல்ட்டுகள் காலையில் வழிக்கு வரும்.

பிளேடைத் தொடுவதற்கு முன் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும்; இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அது தனி வேலையாகிவிடும். பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து, ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரைப் போடுங்கள். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். எடுத்ததும் கழற்றாமல், முதலில் ஒரு நூல் அளவு இறுக்கிப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது, இனி கழற்றலாம். தோளில் மாட்டும் பிரஷ் கட்டரில் மட்டும் பிளேடு நட்டு பெரும்பாலும் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பைப் மாட்டி இழுத்து முறித்தவர்கள் ஏராளம்.

இன்ஜின் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கதை வேறு. அங்கே பிடித்திருப்பது துரு இல்லை, கூம்புப் பொருத்தம்: தண்டின் கூம்பு முனையில் சக்கரம் இறுகி உட்கார்ந்திருக்கும். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் வீண். நட்டை மரை நுனிவரை மட்டும் தளர்த்தி அங்கேயே விட்டு, ஃப்ளைவீலில் இருக்கும் துளைகளில் புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி இறுக்குங்கள். புல்லர் தலையில் ஒரு தட்டு தட்டினால் 'டப்' என்று விடும். ஸ்க்ரூடிரைவரால் ஒருபக்கமாக நெம்பினால் விசிறி இறக்கை உடையும். உள்ளே காந்தம் இருப்பதால் சூடும் கூடாது. கழற்றியதும், ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டான சாவியைப் பாருங்கள்: பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் மாறி ஸ்டார்ட் கயிறு கையைப் பின்னுக்கு இழுத்திருக்கும். திரும்ப மாட்டும்போது கூம்பு இரண்டு பக்கமும் உலர்ந்திருக்க வேண்டும்.

அலுமினிய பிளாக்கில் சிக்கிய சைலன்சர் போல்ட்டுக்கு மருந்து சூடுதான். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, கேஸ் டார்ச்சைப் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்டுங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 8 மி.மீ. துளையில் 130 டிகிரி கூடினால் கிடைக்கும் இடைவெளி வெறும் 0.01 மி.மீ. சொச்சம்தான், ஆனால் துருவின் பிடி விட அது போதும். தெளித்த தண்ணீர்த் துளி துள்ளும் சூட்டில் டார்ச்சை நிறுத்தி, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொடுங்கள். உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

போல்ட் தலை முறிந்துவிட்டதா? முறிந்த துண்டில் துளை போட்டு உள்ளே திருகி எடுக்கும் ஈஸி-அவுட்டை நம்பாதீர்கள். கடினமானது, மடக்கென்று உள்ளேயே முறியும். அதற்கப்புறம் டிரில் பிட்கூட ஏறாது. முறிந்த துண்டின் மேல் ஒரு அளவு பெரிய நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. சிவப்பு மங்கியதும் ஸ்பேனரில் முன்னும் பின்னும் அசைத்தால் துண்டு நட்டோடு சுழன்று வரும்.

மாட்டும்போது சைலன்சர் போல்ட்டுக்குக் காப்பர் கிரீஸ் நல்லது. பிளேடு போல்ட்டுக்கு எதுவும் பூசாமல், புது போல்ட்டே போடுங்கள். வழவழப்பான மரையில் அதே இறுக்கத்துக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும்.