பல்லி சொல்லும் ஜாடி: நான்கு கோடைகள் கழித்து

தேவகோட்டை நண்பர் நேற்று தொலைபேசியில் கேட்டார்: "உங்கள் வீட்டில் இருக்கிறதே, காய்கறி புளிக்க வைக்கும் அந்தக் கண்ணாடி ஜாடி, விலை இறங்கியிருக்கிறது. வாங்கிப் போடவா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் அதன் நீர்ப்பூட்டை, அதாவது வெளிக்காற்றைத் தண்ணீரால் தடுக்கும் மூடியை, கழற்றி வைத்துக்கொண்டு, குண்டூசி முனையால் செத்த எறும்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று லிட்டர் ஜாடி, மூடியில் ஒரு துளை, துளையில் ரப்பர் வாஷர், அதில் செருகிய பிளாஸ்டிக் பூட்டு. இதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் மைத்துனர். சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம், குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை. இவர் அதில் சுட்ட பீட்ரூட் போடுவார், பூசணி போடுவார், ஒருமுறை சுரைக்காயும் போட்டார். கேலி செய்தால், "18ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் மால்ட் (முளைகட்டிய பார்லி) தட்டுப்பாட்டுக்குப் பூசணியில் காய்ச்சியிருக்கிறார்கள் அத்தான்" என்று சரித்திரத்தைத் துணைக்கு அழைப்பார். சுரைக்காய்க்கு எந்தச் சரித்திரமும் துணை வரவில்லை.

காரைக்குடியில் அந்த விளையாட்டு நடக்காது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அதைவிடக் கண்டிப்பாக என் மனைவி இருக்கிறாள். ஆகவே என் ஜாடியில் பீர் இல்லை, உப்புப் போட்டுப் புளிக்க வைக்கும் காய்கறிப் பானமான காஞ்சி. வடக்கே கறுப்புக் கேரட்டில் செய்வார்கள். நமக்கு அது கிடைக்காது என்பதால் பீட்ரூட்டும் மாங்காய் இஞ்சியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்பு, இரண்டு கரண்டி கடுகுப்பொடி. குழாய்த் தண்ணீர் என்றால் முதல்நாள் இரவே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும், குளோரின் போக. பீட்ரூட்டைத் துருவக்கூடாது, விரல் கனத்துக்கு நறுக்க வேண்டும். துருவினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, புளிப்பதற்குப் பதில் போதையின் பக்கம் திரும்பிவிடும். பிறகு மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத பரிசு ஒன்று உண்டு. பீட்ரூட்டின் மண்வாசம் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. மழை விழுந்த மண்ணில் எழுகிற அதே வாசம்தான். புளிப்பு ஏற ஏற அது சிதைந்து மறைகிறது. மைத்துனரின் பீரில் மண் மணக்கும். என் காஞ்சியில் நான்காம் நாள் அந்த மண் போய், மாங்காய் இஞ்சியின் பச்சை மாங்காய் மணம் மட்டும் நிற்கும், கடுகு மூக்கைத் தொடும். முள்ளங்கியை மட்டும் முயலாதீர்கள். வீட்டின் இரண்டாம் கட்டு முழுக்க சாக்கடை திறந்தது போல மூன்று நாள் நாறியது.

சரி, பூட்டுக்கு வருகிறேன். உள்ளே உண்டாகும் காற்று நீர் வழியாகக் குமிழிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. யோசனை பிரமாதம். ஆனால் யோசித்தவர் சித்திரை மாதச் செட்டிநாட்டைப் பார்த்ததில்லை. விரலளவு தண்ணீர் நான்கே நாளில் வற்றிவிடும். வற்றியது தெரியாமல் விட்டால் காற்று நுழைந்து மேலே வெள்ளை ஆடை படரும். தினமும் காலையில் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இதைப் பார்க்க வேண்டும். அப்பத்தா காலத்துப் பீங்கான் ஜாடியில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் ஒரு வேலையும் இல்லை. ஆடை படர்ந்தால் கரண்டியால் வழித்துப் போடுவார், அவ்வளவுதான்.

தண்ணீர் வற்றுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எறும்பைப் பொறுக்க முடியவில்லை. பூட்டின் மூடியில் காற்றுப் போகச் சிறு துளைகள் இருக்கின்றன. நம் வீட்டுப் பொடி எறும்புக்கு அது ராஜபாட்டை. போன வைகாசியில் இரவு பத்து மணிக்குக் கோடை மழை கொட்டியது. வெயிலில் காய்ந்த வீடு சட்டென்று குளிர்ந்தது. ஜாடிக்குள் இருந்த காற்றும் குளிர்ந்து சுருங்கி, பூட்டில் இருந்த தண்ணீரை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. தண்ணீரோடு எறும்புகளும் போயின. காலையில் சிவப்புக் காஞ்சியின் மேல் சீரகம் தூவியதுபோல மிதந்தன. மூன்று லிட்டரையும் தென்னைக்கு ஊற்றினேன். இப்படி உறிஞ்சுவது கிண்ணமும் குல்லாயுமாக வரும் மூன்று துண்டுப் பூட்டின் குணம். எஸ் வடிவத்தில் வளைந்த பூட்டில் காற்று மட்டும் பின்னோக்கிக் குமிழிட்டு நுழையும், தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதை ஜாடியோடு வந்த துண்டுத்தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

கழுத்துவரை நிரப்பினால் நுரை பூட்டு வழியே பொங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடி சிமெண்ட் தரைக்கல்லில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. புளிப்பு சிமெண்டை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. அதன்மேல் இப்போது குத்துவிளக்கு நிற்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜாடி பரணுக்குப் போகாததற்குக் காரணம் அதன் சத்தம். இரண்டாம் நாள் இரவு, வீடு அடங்கிய பிறகு, 'களக்' என்று ஒன்று. எண்ணினால் பத்து, பன்னிரண்டு வரை வரும், மறுபடி 'களக்'. ஒருமுறை ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். பேத்தியின் வரன் பற்றிப் பேச்சு. சரியாக "ஜாதகம் பொருந்தியிருக்கிறது" என்று சொல்லும் இடத்தில் ஜாடி களக்கென்றது. பெரியம்மா தரையில் விரலால் தட்டி, "பல்லி சொல்கிறது பார், எந்தத் திசை?" என்றார். தெற்கு என்றேன். பீட்ரூட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கண்ணாடி நான்கு ஆண்டில் கீறல்கூட விழவில்லை, புளிப்பு சுத்தமாக வருகிறது, இரண்டும் உண்மை. இருந்தும் வேண்டாம். தினமும் தண்ணீர் பார்த்து, எறும்பு பொறுக்கி, மழை வருமா என்று வானம் பார்க்க உங்களுக்குப் பொறுமை கிடையாது.

மைத்துனர் தைப்பொங்கலுக்கு வருகிறார். எஸ் வடிவப் பூட்டு இரண்டும், தேடினால் கிடைக்குமென்றால் ஐந்து லிட்டர் ஜாடி ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.