பந்தலூர்ப் பிள்ளைகளுக்கு எந்த மாதிரி வாசிப்புச் செயலி?

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்புச் செயலி செய்யலாம் என்று நண்பர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்பதில் மூன்று கட்சி. பிள்ளை வாசிப்பதைப் போன் கேட்டுத் திருத்த வேண்டும் என்பது ஒன்று. நல்ல படக்கதைகளை அடுக்கிக் கொடுத்தால் போதும் என்பது இன்னொன்று. வீட்டுப் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. அதற்காக மற்ற இரண்டையும் மட்டம் தட்ட மாட்டேன்.

யார் கைக்குப் போகப்போகிறது என்பதை முதலில் பார்க்கலாம். பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு டச் போன்தான். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும். கொழுந்து பறித்து, எடை போட்டுவிட்டு அம்மாவும் அந்த நேரத்துக்குத்தான் வருவார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், பணியர், குரும்பர் ஆகிய பழங்குடியினர், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் எல்லோருடைய பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் பாட்டிகளும் நிறைய. ஆடி மழை பிடித்துவிட்டால் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும்.

கேட்டுத் திருத்தும் வகைக்குக் கூகுளின் ரீட் அலாங் செயலி நல்ல உதாரணம். 2019 மார்ச்சில் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் வந்தது. அடுத்த ஆண்டு பெயர் மாறிப் பல நாடுகளுக்குப் போனது. தமிழும் உண்டு. தியா என்ற பாத்திரம் பிள்ளையோடு கூடவே இருந்து, தடுமாறும் சொல்லைச் சொல்லிக் கொடுக்கும். குரலைப் போனுக்குள்ளேயே அலசுவதால், கதைகளை இறக்கிக்கொண்ட பிறகு நெட் வேண்டியதில்லை. டீச்சர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை போன் முன்னால் கூச்சமில்லாமல் வாசிக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்ட இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல துணை, அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே மாதிரி ஒன்றை நாமே செய்வது வேறு கதை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை தமிழையும் அந்த மொழியின் ராகத்தில் வாசிக்கும். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று வாசிக்கிற பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை, நாக்குதான் வேறு. அங்கே சிவப்புக் கோடு போட்டால் பிள்ளை போனைக் கீழே வைத்துவிடும். போதாததற்குத் தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டு டிவி. இந்தக் குரல்களையெல்லாம் சேகரித்துப் பழக்காமல் கருவி சரியாகக் கேட்காது. சேகரிப்பதென்றால் பெரிய வேலை. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைத் தொட, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சின்னக் குழுவுக்கு அது தாங்காது.

கதை அலமாரிக் கட்சிக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு நம் செயலியில் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு வாசிப்பு நிலைகளாகவும் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிந்துவிடும். குறை என்னவென்றால், வெறும் அலமாரியைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாத பிள்ளை படங்களைத் தள்ளித் தள்ளி அரை நிமிடத்தில் 'முடிந்தது' என்று சொல்லிவிடும்.

அதனால் கதையை வாசித்துக் காட்டும் குரல் வேண்டும். குரலோடு சேர்ந்து திரையில் சொல் நிறம் மாறவும் வேண்டும். எழுத்தறிவு ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1990களின் கடைசியில் குஜராத்தி டிவி பாட்டுகளுக்கு அதே மொழியில் வரி ஓடவிட்டுச் செய்துகாட்டியது இதைத்தான். தமிழில் இதற்கு ஒரு வம்பு உண்டு. எழுத்து எழுத்தாக நிறம் மாற்றுகிறேன் என்று 'பொம்மை'யைக் கணினிக் குறியீடு வாரியாக வெட்டினால், கொம்பும் காலும் ப-வை விட்டுக் கழன்று, நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். முழு எழுத்தாக வெட்டுங்கள். அதைவிடச் சொல் சொல்லாக மாற்றினால் தொல்லையே இல்லை.

சரி, பெற்றோர் பக்கத்துக்கு வருவோம். நண்பர்கள் காட்டிய மாதிரித் திரையில் பெற்றோருக்கென்று தனி அறை: இன்று எத்தனை நிமிடம், எத்தனை கதை, ஒரு வரைபடம். உள்ளே போக '7 × 8 = ?' என்று பூட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதை நொடியில் திறக்கும், பள்ளிக்குப் போகாத அம்மா வெளியே நிற்பார். யாருக்குப் பூட்டு போட்டிருக்கிறோம்? செயலியில் வாங்க ஒன்றுமில்லை, விளம்பரமில்லை, வெளியே போகும் இணைப்பில்லை என்றால் பூட்டே தேவையில்லை. வரைபடமும் வேண்டாம். களைத்து வந்தவருக்கு அது இன்னொரு கணக்கு நோட்டு, அவ்வளவுதான்.

அவருக்குத் தர வேண்டியது ஒரு கேள்வி. படத்தில் யானை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஓரத்து மணியைத் தொட்டால் குரல் வரும்: 'இது ஏன் இங்கே வந்திருக்கும்? பிள்ளையிடம் கேளுங்கள்.' யானை ஏன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பக்கம் வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு செயலி செய்கிறவருக்குத் தெரியாது. கேட்கவும் பேசவும் எழுத்து தெரிய வேண்டியதில்லை. 1988ல் அமெரிக்காவில் க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழு, சின்னக் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வாசிக்கும்போது இப்படித் திறந்த கேள்வி கேட்கப் பெற்றோரைப் பழக்கியது. ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட முந்திப் போனது. அது இரண்டு, மூன்று வயதுக்காரர்களிடம் செய்த ஆய்வு. நம் பிள்ளைகள் பெரியவர்கள். இருந்தாலும் செலவில்லாத வசதி. கேள்வியைப் பணியர் மொழியிலும் மலையாளத்திலும் பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது.

வீடியோவா ஒலியா என்ற சண்டைக்குக் கணக்கே பதில். ஐந்து நிமிடப் பேச்சை நொடிக்கு 24 கிலோபிட்டில் பதிந்தால் 1 எம்பிகூட வராது. சுருக்கிய படங்கள் பன்னிரண்டையும் சேர்த்தால் ஒரு கதை 2 எம்பி. ஐம்பது கதை 100 எம்பி. அதே ஐந்து நிமிடம் சுமாரான வீடியோ என்றால் முப்பது எம்பியைத் தாண்டும். மாலை வகுப்பு டீச்சர் போனிலிருந்து பிள்ளைகள் வீட்டுப் போனுக்கு நெட் இல்லாமல் நேராக அனுப்பிவிடலாம், டேட்டா பேக் செலவில்லை.

லாகின் வேண்டவே வேண்டாம். அண்ணன், தங்கை, சித்தி பையன் எல்லாரும் ஒரே போனில் என்றால் ஆளுக்கொரு படம் போதும்: வரையாடு, காட்டெருமை, மலை அணில். எதுவரை வாசித்தார்கள் என்பது அந்தப் போனிலேயே இருக்கட்டும்.

மைக் இல்லாமல் முடியாது என்று அடம்பிடிக்கும் நண்பருக்கு ஒரு சமரசம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை வாசிப்பதைப் பதிவு மட்டும் செய்யட்டும். மதிப்பெண், சிவப்புக் கோடு எதுவும் வேண்டாம். ராத்திரி சோறு வடிக்கும்போது அம்மா போட்டுக் கேட்கலாம், மறுநாள் டீச்சரும் கேட்கலாம். பதிவு போனை விட்டு வெளியே போகக்கூடாது, ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிட வேண்டும். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.