ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் நாயின் சிறுநீரை எடுக்கச் சொல்லுங்கள்

நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் பொம்மிக்குச் சிறுநீரகத்தில் பாக்டீரியா தொற்று. முதலில் போன கிளினிக்கில் அதைத் தசைப்பிடிப்பு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

கிண்ணத்தை நிரப்ப நிரப்பத் தண்ணீர் குடித்தாள். என்றைக்கும் இல்லாத வழக்கமாக வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனாள். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இடுப்புக்கு மேலே கை பட்டால் போதும், முதுகை வளைத்துக்கொண்டு உறுமுவாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அத்தனையும் சொன்னோம். மருத்துவர் காதில் வாங்கியது உறுமலை மட்டும்தான். என்ன ஊசி என்று கேட்டால், "காய்ச்சலுக்கும் வலிக்கும்தான் சார்" என்றார். சீட்டிலும் மருந்தின் பெயர் இல்லை.

காய்ச்சல் இறங்கியது, கொஞ்சம் சாப்பிடவும் செய்தாள். அப்புறம் வாந்தி. மறுபடி போனபோது ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறது, அதனால் கிட்னியில் கோளாறு இல்லை என்றார்கள். இங்கேதான் ஏமாந்துபோவோம். சிறுநீரகங்களின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் பொதுவாக அந்த எண் ஏறும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் மறுபக்கம் ஈடுகட்டிவிடும். தரையில் போன சிறுநீரில் ஒரு ஸ்டிரிப்பை (நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பட்டையை) தொட்டுப் பார்த்து, "வெள்ளையணு இல்லை, தொற்றும் இல்லை" என்று வேறு சொன்னார்கள். நாய்களுக்கு அந்த ஸ்டிரிப்பின் வெள்ளையணுக் கட்டம் பல நேரம் தொற்றைக் காட்டாமல் விட்டுவிடும். சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்குவதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

வேறு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன ஊசி போட்டார்கள்?" பழைய கிளினிக்கில் சண்டை போட்ட பிறகுதான் பதில் வந்தது: ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். தாகத்தையும் சிறுநீரையும் அதுவே கூட்டும். எது நோய், எது மருந்தின் விளைவு என்று பிரிக்க முடியாமல் போகும்.

ஸ்கேனில் ஒரு சிறுநீரகத்தின் உள்பகுதி, சிறுநீர் சேரும் இடம், விரிந்திருந்தது. அதோடு காய்ச்சலும் அந்த வலியும் சேர்ந்ததால்தான் சந்தேகம் வலுத்தது என்றார். ஸ்கேனைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பையில் விட்டு மாதிரி எடுத்தார். பொம்மி அசையக்கூட இல்லை. தரையிலோ கிண்ணத்திலோ பிடித்தால் வெளிக்கிருமி கலந்துவிடும், கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இதுதான் நம்பகமான வழி. மைக்ரோஸ்கோப்பில் சீழ் செல்கள் நிறையத் தெரிந்தன. ஆனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஏற்கெனவே போட்ட ஆன்டிபயாடிக் வளரவிடாமல் செய்திருக்கும் என்றார்.

எங்களுக்கு நடந்த பெரிய நஷ்டம் இதுதான். கிருமி வளர்ந்தால்தானே எந்த மருந்துக்கு மடங்கும் என்று தெரியும்? இந்தத் தொற்றில் பெரும்பாலும் இ.கோலை என்ற பாக்டீரியாதான், ஆனால் அது எல்லா மருந்துக்கும் மடங்குவதில்லை. கடைசியில் அனுமானத்தில்தான் மருந்து தொடங்கினோம். எலிக்காய்ச்சலும் இதே மாதிரிதான் வரும், மனிதருக்கும் தொற்றும் என்பதால் அதற்கும் தனியாகச் சோதித்தார்கள். அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றுகூட முதல் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை.

உங்கள் நாய்க்கு இப்படி இருந்தால், முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்னாலேயே கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள். நாய் மோசமான நிலையில் இருந்தாலும் மாதிரியை எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கலாம், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊசி மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

பொம்மி இப்போது சாப்பிடுகிறாள். மருந்து முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் பார்க்க வேண்டும். பழைய கிளினிக்கிடம் சிகிச்சைக் குறிப்பை எழுத்தில் கேட்டோம். "முதல் ஊசியிலேயே காய்ச்சல் இறங்கியதே" என்று மட்டும் பதில் வந்தது, குறிப்பு இன்னும் வரவில்லை.