ஈரோட்டில் ஏ.எம்.எச். பரிசோதனை: ரத்தம் எடுப்பதில் நேர்த்தி, அறிக்கையில் அலட்சியம்

குழந்தைக்காகக் காத்திருக்கும் என் தங்கைக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த, கருமுட்டை இருப்பை மதிப்பிட உதவும் ஏ.எம்.எச். (ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்) பரிசோதனையை, ஈரோடு பெருந்துறை சாலையிலுள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் செய்துகொண்டோம். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் பார்க்கும் எஃப்.எஸ்.எச். என்ற, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைப் போலன்றி, இந்த ஹார்மோன் மாதச் சுழற்சிக்குள் பெரிதாக ஏறி இறங்குவதில்லை என்பதால், எந்த நாளிலும் வரலாம் என்று முன்பதிவின்போதே சரியாகச் சொன்னார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா, முடி வளர்ச்சிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை உண்டா என்றும் ரத்தம் எடுத்த பெண் கேட்டுக் குறித்துக்கொண்டார். முன்னது அளவைக் குறைத்துவிடும், பின்னது சில பரிசோதனை முறைகளில் முடிவையே பிறழச் செய்யும். இவ்வளவு பொறுப்பாகக் கேட்கும் இடத்தை நான் அதிகம் கண்டதில்லை.

குறை அறிக்கையில் தொடங்குகிறது. எண்ணுக்கு அருகில் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சிட்டவர்கள், வயதுவாரியான வரம்பையோ அளந்த முறையையோ குறிப்பிடவில்லை. சினைப்பையில் வளரத் தொடங்கிய, முட்டையைத் தாங்கும் சிறு நுண்ணறைகளின் செல்கள் சுரக்கும் இந்த ஹார்மோன் வயது கூடக்கூடக் குறைவது இயல்பு, அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். கருமுட்டைகளின் இருப்பை மதிப்பிடவும், ஊசி போட்டுத் தூண்டும் சிகிச்சையில் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்கவும் அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். முட்டையின் தரத்தை அது சொல்லாது. 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், குழந்தையின்மைச் சிக்கல் முன்பு இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களிடையே, இந்த அளவு குறைந்திருந்தவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தனர். திருமணமான மூன்றாம் மாதமே ‘விசேஷம் ஏதாச்சுமுங்களா?’ என்று கேட்கும் நம் கொங்குச் சொந்தங்களிடையே, அந்தத் தடித்த எழுத்து மருத்துவரை எட்டுமுன் மாமியாரை எட்டிவிடுகிறது.

அங்கே கொடுத்த துண்டுப்பிரசுரம் இதைப் பெண்களுக்கான சோதனையாக மட்டுமே அறிமுகப்படுத்துகிறது. ஆண் கருவில் விந்தகத்தின் செர்டோலி செல்கள் சுரக்கும் இதே ஹார்மோன்தான், கருப்பையாகவும் கருமுட்டைக் குழாய்களாகவும் உருவெடுக்கக்கூடிய முல்லேரியன் நாளங்களை மறையச் செய்கிறது. விதைகள் இரண்டும் கைக்குத் தட்டுப்படாத ஆண் குழந்தையின் உடலுக்குள் விந்தகத் திசு இருக்கிறதா என்று அறியவும் மருத்துவர்கள் இச்சோதனையை எழுதுவதுண்டு. அத்தகைய குழந்தையின் பெற்றோர் அந்தத் தாளைப் படித்தால் குழம்பித்தான் போவார்கள்.

முடிவு மறுநாள் மாலையே கைப்பேசிக்கு வந்துவிட்டது. அடுத்த முறையும் அங்கேயே போவோம், ஆனால் அறிக்கையை நேராக மருத்துவருக்கு அனுப்பச் சொல்லிவிடுவோம்.